வெளியூர்க்காரருக்கும் ஸ்லாட் தரும் கட்டடம்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இயற்பியலிலோ வேதியியலிலோ பிஎச்.டி. செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஆய்வைப் பற்றிச் சொல்வதைவிட, சாம்பிளை எங்கே அனுப்பினார்கள், ரிசல்ட் எப்போது வந்தது என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். படிக அமைப்பைச் சொல்லும் எக்ஸ்ஆர்டிக்கு ஓர் ஊர், எலக்ட்ரான் நுண்ணோக்கியான எஸ்இஎம் எடுக்கும் படத்துக்கு இன்னோர் ஊர், மூலக்கூறு அமைப்பைச் சொல்லும் என்எம்ஆருக்கு ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற கருவி மையம். சின்னக் குப்பியில் பொடியைப் போட்டு, மூடியைச் சுற்றி பாராஃபில்ம் ஒட்டி, படிவம் நிரப்பி, பணம் கட்டி, கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். கருவியை நேரில் பார்க்காமலேயே அதன் வரைபடத்தைத் தீசிஸில் ஒட்டிப் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர். அது அவர்கள் குற்றம் இல்லை.

நானும் அந்த வரிசையில் வந்தவள்தான். கடலோர ஊர்க் கல்லூரி ஒன்றில் துத்தநாக ஆக்ஸைடு மென்படலத்தை வைத்து அமோனியா உணரி செய்துகொண்டிருந்தேன். மீன் கெடும்போது அமோனியாவும் அதன் உறவு வாயுக்களும் வெளிவரும். அதைக் கொஞ்சமாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் ஏலக்கூடத்திலேயே மீனின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது எண்ணம். படலம் தயாரிப்பது எங்கள் கல்லூரியிலேயே முடிந்தது. துத்தநாக அசிடேட் கரைசலைச் சூடான கண்ணாடித் தகடுமேல் தெளித்தால் போதும். சிக்கல் மின்முனையில் இருந்தது. இந்தப் படலத்தின் மின்தடை மிக அதிகம். இரண்டு பக்கமும் வெள்ளிப் பேஸ்ட்டைத் தடவி அளந்தால் மீட்டர் முள் நிலையாக நிற்காது. மின்முனைகள் இரண்டும் சீப்பின் பற்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று போய், நடுவில் 10 மைக்ரான் இடைவெளி மட்டுமே விட்டு அமைய வேண்டும். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். கையால் வரைகிற வேலை இல்லை இது.

அப்போது என் கைடு சொன்னதுதான் பெங்களூர். இந்திய அறிவியல் கழகத்தில், அதாவது ஆட்டோக்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் ஐஐஎஸ்சியில், நானோ அறிவியல் மற்றும் பொறியியல் மையம் இருக்கிறது. சென்ஸ் என்று கூப்பிடுவார்கள். 2010இல் தொடங்கிய துறை. ருத்ர பிரதாப் அதன் முதல் தலைவர். புதிய கட்டடத்தை 2015 பிப்ரவரியில் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அதற்குள் 14,000 சதுர அடியில் ஒரு கிளீன்ரூம், அதாவது தூசியைக் கட்டுப்படுத்திய தூய அறை, இருக்கிறது. ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இந்த அளவுக்குக் கிளீன்ரூம் இருப்பது நம் நாட்டில் அபூர்வம்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நவீன அறிவியல் கட்டடம் என்றதும் நம் ஊரில் எல்லோரும் கண்ணாடி முகப்பையும் ஏசி கருத்தரங்க அறையையும் லிஃப்ட்டையும் பற்றித்தான் பேசுகிறார்கள். அங்கே நான் பார்த்ததில் மனதில் நின்றவை கண்ணில் படாத விஷயங்கள். காற்று, தண்ணீர், தரை, அப்புறம் மனிதர்கள்.

காற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 100க்கு மிகாமல் இருந்தால் அந்த அறையை கிளாஸ் 100 என்பார்கள். 1,000 வரை இருந்தால் கிளாஸ் 1000. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் அறையில் அதே கன அடிக்குள் லட்சக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். சாதாரண வாழ்க்கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 10 மைக்ரான் இடைவெளி உள்ள மின்முனை வரையும்போது ஒரே ஒரு தூசி நடுவில் உட்கார்ந்தால் கோடு அறுந்துபோகும், அல்லது இரண்டு மின்முனையும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகிவிடும். சில்லு குப்பைக்குப் போகும்.

தூசியை வடிகட்டுவது பெரிய வித்தை இல்லை. ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். உள்ளே இருப்பவர்களே புதிதாக உண்டாக்கும் தூசியை என்ன செய்வது என்பதில்தான் பல காலம் திணறினார்கள். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் வேலை செய்த வில்லிஸ் விட்ஃபீல்டு என்ற இயற்பியலாளர் 1960களின் தொடக்கத்தில் அதற்கு வழி கண்டார். பருத்தி விவசாயி வீட்டுப் பிள்ளை அவர். அதுவரை கட்டிய தூய அறைகளில் காற்று சுழன்று சுழன்று தூசியைக் கிளப்பிக்கொண்டே இருந்தது. அவர் கூரை வழியாக வடிகட்டிய காற்றை இறக்கி, தரையில் இருக்கும் துளைகள் வழியாக வெளியே எடுத்தார். காற்று ஒரே திசையில், வினாடிக்கு அரை மீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்தில், மேலிருந்து கீழே போய்க்கொண்டே இருக்கும். தூசி கிளம்பினால் அடுத்த கணமே கீழே இழுபட்டுப் போய்விடும். இன்றைக்கும் உலகத்தில் சிப் செய்கிற எல்லா அறைகளும் அந்த யோசனையின் மேல்தான் நிற்கின்றன. உள்ளே காற்றழுத்தத்தையும் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் காற்று வெளியே போகுமே தவிர வெளிக்காற்று உள்ளே வராது.

இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டுப் பார்த்தால் அறையில் மிச்சம் இருக்கும் பெரிய அழுக்கு நாம்தான். மனிதத் தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் நுண்துகள்கள் உதிரும். அதனால்தான் உடை மாற்றும் அறையில் அவ்வளவு சட்டம். தலைக்கு மூடி, முகத்துக்கு மாஸ்க், உடல் முழுக்க நூல் உதிராத வெள்ளை அங்கி, கையுறை, முழங்கால்வரை பூட்ஸ். தலையிலிருந்து காலுக்கு என்ற வரிசையில்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் மேலே இருந்து உதிர்ந்தது கீழே ஏற்கெனவே போட்ட சுத்தமான துணியில் விழும். பவுடர் கூடாது, கண் மை கூடாது, தலையில் பூ கூடாது. மல்லிகையை வைத்துக்கொண்டே வளர்ந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது முதல் நாள் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். சாதாரணத் தாளும் பென்சிலும்கூட உள்ளே போகக் கூடாது. தாளிலிருந்து நார் உதிரும், பென்சிலிலிருந்து கிராஃபைட் உதிரும். நார் உதிராத தனித் தாளில் பேனாவால்தான் குறிப்பு எடுக்க வேண்டும்.

உள்ளே ஒரு பகுதி முழுக்க மஞ்சள் வெளிச்சம். மின்முனை வரைவதற்கு வேஃபர்மேல், அதாவது மெல்லிய சிலிக்கன் தகட்டின்மேல், பூசும் ரெசிஸ்ட் என்ற திரவம் புறஊதா, நீல ஒளி பட்டால் மாறிவிடும். மஞ்சள் ஒளி அதை ஒன்றும் செய்யாது. சுழலும் தட்டில் வேஃபரை வைத்து ரெசிஸ்ட்டை ஊற்றினால் ஒரு மைக்ரான் அளவில் சீராகப் பரவுகிறது. லேசாகச் சூடாக்கி, நமக்கு வேண்டிய வடிவம் பொறித்த மாஸ்க் என்ற கண்ணாடித் தகட்டை மேலே வைத்து, புறஊதா ஒளி காட்டி, டெவலப்பர் என்ற கரைசலில் முக்கினால் ஒளி பட்ட இடம் கரைந்துபோகும். பிறகு மெல்லிய டைட்டானியம், அதன்மேல் தங்கம். தங்கம் நேரடியாக வேஃபர்மேல் உள்ள ஆக்ஸைடில் ஒட்டாது, டைட்டானியம்தான் இடையில் இருந்து ஒட்டவைக்கிறது. கடைசியில் அசிட்டோனில் ஊறவைத்தால் மிச்ச ரெசிஸ்ட் கரைந்து, அதன்மேல் படிந்த தங்கமும் உரிந்து போய்விடும். தகட்டில் நிற்பது நாம் வரைந்த சீப்பு மட்டும். மைக்ரோஸ்கோப்பில் முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஏலக்கூடத்தில் மீன் வாசனை பிடிக்கும் கருவி பற்றி வெறும் வாயால் பேசிக்கொண்டிருந்தவளின் கையில் அதன் பாதி வந்துவிட்டது.

சரி, இந்த ஓர் அறை வேலை செய்ய அதைச் சுற்றி என்னவெல்லாம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இது மாதிரிக் கட்டடங்கள் உண்மையில் மூன்று அடுக்கு. மேலே காற்றைத் தள்ளும் விசிறிகளும் குழாய்களும் உள்ள தளம். நடுவில் நாம் நிற்கிற அறை. கீழே பம்புகள், குளிர்நீர், கழிவுக் குழாய்கள். பக்கவாட்டிலும், கருவிகளுக்குப் பின்னால், பழுதுபார்க்கிறவர்கள் நடமாடச் சந்து விட்டிருப்பார்கள். கருவியின் முகம் மட்டும் சுத்தமான பக்கத்தில் தெரியும். அதன் வயிறும் குடலும் சந்துப் பக்கம். ரிப்பேர்க்காரர் தூய அறைக்குள் வராமலேயே வேலையை முடித்துவிட்டுப் போய்விடலாம்.

ஆய்வுக்கூடத்தில் இப்படிச் சேவைக்கென்று தனியாக இடம் கொடுக்க வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொன்னவர் லூயி கான். அகமதாபாத் ஐஐஎம் கட்டடத்தை வடிவமைத்த அதே கான்தான். 1960 வாக்கில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அவர் கட்டிக்கொடுத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக்கூடத்தில், கெட்ட காற்றை வெளியேற்றவும் படிக்கட்டுக்கும் செங்கல் கோபுரங்கள் தனியாக எழுந்து நிற்கும். தனக்குக் குழாய்களைக் கண்டாலே பிடிக்காது, அதனால்தான் அவற்றுக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். உலகக் கட்டடக்கலை வரலாற்றில் அந்தக் கட்டடத்துக்குப் பெரிய பெயர். ஆனால் உள்ளே வேலை செய்த விஞ்ஞானிகள் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று ஜன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டார்கள். கான் அதற்குப் பின் கலிபோர்னியாவில் சால்க் ஆய்வுக்கூடம் கட்டியபோது ஒவ்வொரு ஆய்வுத் தளத்துக்கும் மேல் ஒரு முழுத் தளத்தைக் குழாய்களுக்காகவே விட்டார். ஆய்வு நடக்கும் தளத்தைக் கலைக்காமல் ஆட்கள் அதற்குள் நடந்துபோய்க் குழாய்களை மாற்ற முடியும். ஒரு கட்டடத்தில் கேட்ட புகாரை அடுத்த கட்டடத்தில் சரிசெய்யும் குணம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். வேஃபரைக் கழுவும் தண்ணீரில் உப்பு அயனிகளே இருக்கக் கூடாது. தூய்மையை மின்தடையால் அளப்பார்கள். 25 டிகிரியில் 18.2 மெகா ஓம் சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய இயற்பியல் அனுமதிக்கும் உச்சம். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வடித்துப் பயன்படுத்திய எனக்கு, குழாயைத் திறந்தால் அந்தத் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க ஏக்கமாக இருந்தது.

வாயுக்கள் விஷயத்தில் மட்டும் ஏக்கம் வராது, பயம்தான் வரும். சிலிக்கன் படலம் வளர்க்கப் பயன்படும் சைலேன் காற்றைத் தொட்டாலே தீப்பற்றும். பாஸ்ஃபீன் கொடிய நஞ்சு. இவற்றின் சிலிண்டர்கள் காற்று உறிஞ்சும் தனி அலமாரிகளில் இருக்கும். வருகிற குழாய் இரட்டைச் சுவர் கொண்டது. கசிந்தால் மோப்பம் பிடித்து வால்வை மூடச் சென்சார்கள் இருக்கும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இன்னொன்று. கண்ணாடியையே அரிக்கும் அந்த அமிலம் தோலில் பட்டால் முதலில் பெரிய வலி தெரியாமலேயே உள்ளே இறங்கி எலும்புவரை கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அது இருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எப்போதும் இருக்க வேண்டும், தனியாக ஒருவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது. பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் குரலை உயர்த்தவே இல்லை.

"மேடம், அவசரம்னா இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் பண்ணலாம். வேஃபர் எங்கேயும் போகாது" என்றார்.

எங்கள் பக்கத்து ஆய்வகங்களில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை.

தரையைப் பற்றியும் ஒரு சொல். மின்கற்றையால் நானோமீட்டர் அளவில் கோடு வரையும் கருவிக்குப் பக்கத்தில் லாரி போனாலும் லிஃப்ட் ஓடினாலும் கோடு கோணலாகும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2015இல் திறந்த தேசிய கிராஃபீன் நிறுவனத்தில் முக்கியமான கிளீன்ரூமை அதிர்வுக்குப் பயந்து தரைக்கடியில் இறக்கிவிட்டார்கள். அதே கட்டடத்தில் நடைபாதைச் சுவர்களில் எழுதி அழித்து விவாதிக்கலாம் என்று கேள்விப்பட்டபோது, வடிவமைத்தவர்கள் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

இவ்வளவு வசதி இருந்தால்தான் அறிவியலா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவின் எம்ஐடியில் 1943இல் ரேடார் ஆய்வுக்காக அவசர அவசரமாக மரத்தில் கட்டிய 20ஆம் எண் கட்டடம் இருந்தது. போர் முடிந்ததும் இடிப்பதாகச் சொன்னார்கள். 1998 வரை நின்றது. வெயிலில் வெந்து குளிரில் நடுங்கிய அந்தக் கொட்டகையில்தான் மொழியியலும் அணுக்கடிகாரமும் ஒலியியலும் வளர்ந்தன. இயற்பியலாளர் ஜெரால்டு சகரியாஸ் தன் அணுக்கடிகாரத்துக்கு உயரம் போதவில்லை என்று மேல்தளங்களின் தரையையே அறுத்து எடுத்துவிட்டார். யாரும் அவரிடம் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை. ஆகவே சிந்திப்பதற்குப் பளபளப்பான கட்டடம் தேவையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 10 மைக்ரான் கோட்டைக் கொட்டகையில் வரைய முடியாது. அதற்குக் காற்று வேண்டும். 20ஆம் எண் கட்டடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. வேலை செய்கிறவர் கட்டடத்தைத் தன்னுடையதாக நினைத்துப் பயன்படுத்த அங்கே விட்டார்கள்.

சென்ஸில் அந்த உரிமை எனக்கே கிடைத்தது, வெளியூர்க்காரியான எனக்கு. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 2008இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை ஐஎன்யூபி (இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம்) என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐஐஎஸ்சியிலும் ஐஐடி பம்பாயிலும் உள்ள நானோ கருவிகளை நாட்டின் எந்தக் கல்லூரியில் இருந்தும் வந்து பயன்படுத்தலாம். முதலில் அறிமுகப் பட்டறை, அடுத்து கையால் செய்து பழகும் பயிற்சி, அதற்குப் பிறகு உங்கள் சொந்த ஆய்வுத் திட்டம். பின்னால் ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட வேறு ஐஐடிகளும் இதில் சேர்ந்தன. ஐஐஎஸ்சி பேராசிரியரின் மாணவருக்கும் எனக்கும் ஒரே பட்டியலில்தான் ஸ்லாட். கருவிக்கு முன்னால் நிற்கும்போது யார் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை. "ரெசிப்பி (செய்முறை) என்ன, சாம்பிளில் என்னென்ன உலோகம் இருக்கிறது" என்றுதான் கேட்டார்கள்.

உலோகத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தங்கம் சிலிக்கனுக்குள் மிக வேகமாக ஊடுருவும். டிரான்சிஸ்டர் செய்கிற உலையில் தங்கம் பட்ட வேஃபர் ஒருமுறை போனால், அதற்குப் பிறகு அந்த உலைக்குள் போகிற எல்லா வேஃபரும் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அதனால் தங்கம் தொட்ட இடுக்கிகூடத் தனி. துத்தநாகமும் எல்லாக் கருவிக்குள்ளும் விடக் கூடாத பொருள், வெற்றிடத்தில் எளிதாக ஆவியாகிக் கருவியின் உட்புறத்தையே அசுத்தப்படுத்திவிடும். என் படலத்தை அங்கேயே பூச முடியுமா என்று கேட்டபோது, எந்தக் கருவியில் அனுமதி, எதில் இல்லை, ஏன் இல்லை என்று பட்டியலோடு விளக்கினார்கள். முகத்தில் அடித்ததுபோல 'முடியாது' என்று சொல்லவில்லை. காரணத்தோடு சொன்னார்கள். அந்தக் காரணத்தில், எனக்குப் பிறகு அந்தக் கருவிக்கு வரப்போகும், நான் ஒருபோதும் பார்க்காத மாணவர் ஒருவரைப் பற்றிய அக்கறை இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் பதிவேடு. நீங்கள் செய்ததை எழுத வேண்டும். வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் கேட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும்.

கடைசியில் மின்முனைகளை மட்டும் அங்கே செய்து, சில்லுகளாக வெட்டி வாங்கிக்கொண்டு, துத்தநாக ஆக்ஸைடை எங்கள் கல்லூரியில் எப்போதும்போலத் தெளித்தேன். மீட்டர் நிலையாக நின்றது. அமோனியா விட்டால் மின்தடை இறங்கியது, காற்று விட்டால் ஏறியது. பல கோடி ரூபாய்க் கருவியும் எங்கள் ஊரில் வெல்டரிடம் சொல்லிச் செய்த தெளிப்பானும் ஒரே சில்லில் சேர்ந்தன. சிறு கல்லூரிகளுக்கு ஏற்ற வழி இது என்று எனக்கு அன்றே தோன்றியது. எல்லாம் எல்லோரிடமும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. நான் பார்த்த கல்லூரிகள் சிலவற்றில் நல்ல கருவிகள் இல்லாமல் இல்லை. வருகின்றன. மார்ச் 31க்குள் கிரான்ட் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று வாங்கப்படுகின்றன. ரிப்பன் வெட்டி, திறந்துவைத்தவர் பெயரைக் கிரானைட்டில் பொறித்துச் சுவரில் பதிக்கிறார்கள். வாரண்டி முடியும்வரை ஓடும். அதற்குப் பிறகு ஏஎம்சிக்கு, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, பட்ஜெட்டில் பணம் இருக்காது. யூபிஎஸ் பேட்டரி இறக்கும். கடல் காற்றில் இணைப்புகள் பச்சை பூக்கும். பம்பு எண்ணெய் மாற்ற ஆள் இல்லை. அறைக்குப் பூட்டு. சாவி ஒருவரிடம், அவர் விடுமுறையில். படலம் பூசும் ஸ்பட்டரிங் கருவி ஒன்று பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு நிற்பதை, அதே கட்டடத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி சாம்பிளைக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இன்னும் வருகின்றன.

பூட்டுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. உடைந்தால் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். தணிக்கையில் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சரிசெய்யப் பணமும் கிடையாது, ஆளும் கிடையாது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் தோன்றும். பெங்களூரில் திறந்து வைக்க முடிகிறது என்றால் அங்கே கருவிக்கு ஆள் இருக்கிறார். ஒவ்வொரு கருவிக்கும் அதை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த தொழில்நுட்பர். ராத்திரியில் குளிர்சாதன இயந்திரத்தைக் கவனிக்கிறவர்கள். வாயு சிலிண்டர் மாற்றுகிறவர்கள். அங்கிகளைத் துவைத்து உறையிட்டு வைக்கிறவர்கள். இவர்கள் பெயர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வராது. கடைசியில் நன்றி என்ற பத்தியில் மையத்தின் பெயர் மட்டும் வரும். என் கட்டுரையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்களைத் தனித்தனியாகப் போட்டேன். போட வேண்டும் என்று என் மாணவர்களிடமும் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் புதிய அறிவியல் கட்டடம் வருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது எத்தனை தொழில்நுட்பர் பணியிடம் என்ற வரியை. பெரும்பாலும் அந்த வரி இருப்பதில்லை. எத்தனை மாடி, எத்தனை கோடி என்பது இருக்கும். ஒரு கிளீன்ரூம் கட்டிவிட்டு அதன் மின்கட்டணத்துக்கு வழி யோசிக்காவிட்டால் அது சீக்கிரம் ஸ்டோர் ரூம் ஆகிவிடும். சாதாரண அலுவலகக் கட்டடத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் தின்னும் அது, காற்றை ஒரு நிமிடம்கூட நிறுத்த முடியாது. பத்து மாவட்டத்தில் பத்து அரைகுறை அறை கட்டுவதைவிட, ஓர் ஊரில் ஒன்றை முழுதாகக் கட்டி, நல்ல சம்பளத்தில் ஆட்களை வைத்து, மற்ற ஊர் மாணவர்களுக்கு ரயில் டிக்கெட்டும் தங்க இடமும் கொடுப்பது மேல் என்று நான் நம்புகிறேன். பெண் பிள்ளைகளுக்கு விடுதி முக்கியம். கருவிக்கு இரவு ஸ்லாட் கிடைத்துவிட்டு, தங்க இடம் கிடைக்காமல் திரும்பிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

நாடு முழுக்க எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்ய ஐ-ஸ்டெம் என்ற இணையதளம் 2020 ஜனவரியில் இருந்து இருக்கிறது. பல கல்லூரிகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. பூட்டிக் கிடக்கும் கருவிகளை அதில் ஏற்றினால், கேட்டு ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் கட்டணம் வரும், கட்டணம் வந்தால் பம்பு எண்ணெய்க்காவது பணம் வரும். எங்கள் துறையில் அப்படி ஒன்றை ஏற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கற்பிக்கும் வேலையில் இருக்கிறேன். பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று மாணவர்கள் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் பெரிய பெரிய வார்த்தைகளை எழுதாதீர்கள். என்ன சாதனம், எத்தனை அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் என்ன பொருள், எவ்வளவு தடிமன், எந்த வரிசை என்பதைக் கையால் படம் போட்டுப் பாருங்கள். அந்தப் படம் தெளிவாக இருந்தால் விண்ணப்பமும் தெளிவாக வரும். எந்த வேலையை உங்கள் கல்லூரியிலேயே செய்ய முடியும் என்பதையும் எழுதுங்கள், அது பலவீனம் இல்லை. உங்கள் சாம்பிளில் உள்ள எல்லாத் தனிமங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பேச வராது என்று தயங்க வேண்டாம், அங்கே தமிழும் கன்னடமும் இந்தியும் கலந்துதான் வேலை நடக்கிறது. சந்தேகம் இருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே அங்குள்ள தொழில்நுட்பர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். எனக்குப் பதில் வந்தது.